வெட்டுப் புருவம்

மாலை ஐந்தரை மணிக்கு என் மேஜையில் ஒரே ஒரு முகம் குறைந்தது. மற்றதெல்லாம் தயார். பெட்டிகளை விழுங்கும் எக்ஸ்ரே இயந்திரம், வரிசையாக அதற்குள் போகும் டிரேக்கள், தரையில் ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்மணி, அவருடைய செயற்கைக் காலைக் கதாயுதம் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கும் பாதுகாப்புக்காரி. பின்னால், சோதனை எதுவும் இல்லாத தனி வாசல் வழியாக வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பத்து ஆட்களோடு உள்ளே போய்க்கொண்டிருக்கிறார். பாதுகாப்புக்காரிக்குக் கழுத்துக்கு மேலே மட்டும் தாள் வெறுமையாக இருந்தது. ஆறு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்.

கோயம்புத்தூரில் அச்சாகும் ஒரு நாளிதழில் பத்தொன்பது வருடமாகக் கார்ட்டூன் போடுகிறேன். முழுப்பெயர் காளிச்சாமி. படத்தின் மூலையில் 'காளி' என்று போடுவேன். இரண்டு எழுத்து என்றாலும் கொஞ்சம் பயப்படுகிற மாதிரி இருக்கட்டும் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். யாரும் பயப்பட்டதில்லை. அன்றைக்கு வரை.

சம்பவம் நடந்தது வடக்கே எங்கோ ஒரு விமான நிலையத்தில். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரிடம் செயற்கைக் காலைக் கழற்றி இயந்திரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். தனி அறைக்குக் கூட்டிப்போகவில்லை, நாற்காலியும் தரவில்லை. கழற்றியவர் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்ற யாரோ பதினெட்டு விநாடி வீடியோ எடுத்துப் போட்டார்கள். நான்கு நாட்களாக நாடே அதைப் பேசியது. குண்டு வெடித்தால் இவர்களா வந்து பதில் சொல்வார்கள் என்று ஒரு கூட்டம். பாதுகாப்பு என்று சொன்னால் மனிதரை எதுவும் செய்யலாமா என்று இன்னொரு கூட்டம். தொடர் குண்டுவெடிப்பைப் பார்த்த இந்த ஊரில் குண்டு என்ற சொல் சாதாரணமாகக் காதில் விழுவதில்லை என்பதால் எங்கள் வாசகர் கடிதங்களில் சூடு இன்னும் அதிகம். வீடியோவில் கால் இழந்தவரின் முகம் தெரிந்தது. கழற்றச் சொன்னவளின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

நான் முதலில் அடிக்க நினைத்தது அவளை அல்ல. அந்த வெள்ளைச் சட்டையை. ஏழைபாழைக்கு ஒரு வாசல், இவருக்கு ஒரு வாசல் என்பதுதான் படம். பென்சிலில் அவரை முன்னால் பெரியதாகப் போட்டு, ஒரு குறிப்பிட்ட மீசையும் வைத்திருந்தேன். நான்கு மணிக்கு ஆசிரியர் மோகன்குமார் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"காளி, அந்த மீசைய எடுத்துருங்க."

"அவருதான்னு யாருக்குங்க தெரியப்போகுது?"

"தெரியாதுன்னா எதுக்குங்க மீசை?"

மீசையை அழித்தேன். "கண்ணாடியும் வேண்டாமே," என்றார். கண்ணாடியை அழித்தேன். கடைசியில் ஆளையே திருப்பி நிற்க வைத்து, முதுகைக் காட்டி, சின்னதாக்கிப் பின்னால் தள்ளினேன். அப்புறம் படத்தின் நடுவில் பெரிய இடம் காலியாகிவிட்டது. அந்த இடத்துக்கு வந்தவள்தான் பாதுகாப்புக்காரி. முகத்தோடு வந்தவர் முதுகாகிப்போனார், வீடியோவில் முதுகாக இருந்தவளுக்கு முகம் தேவைப்பட்டது. அன்றைக்கு இதில் ஒன்றும் எனக்கு உறைக்கவில்லை. ஒரு தலைவரின் முகத்தை வரைய மூன்று பேரிடம் கேட்க வேண்டும். ஊர் பேர் தெரியாதவர் முகத்தை வரைய யாரைக் கேட்பது?

நான் கற்பனையில் முகம் வரைவதில்லை. அதில் உயிர் இருக்காது. கருமத்தம்பட்டியிலிருந்து தினமும் சோமனூர் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறேன். பையில் கையகலத்தில் ஒரு நோட்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவர், தொங்கிக்கொண்டு வருபவர், தூங்கி வழிபவர், யாராவது ஒருவர் முகம் தினமும் அதில் ஏறும். ஓரத்தில் அடையாளம் எழுதி வைப்பேன்: 'பல் நீண்ட கண்டக்டர்', 'ஒரு காதுக் கடுக்கன்', 'சிரிக்காத டீச்சர்'. முகம் வேண்டியபோது நோட்டைப் புரட்டினால் போதும். அப்படிப் பதினொரு நோட்டு சேர்ந்திருக்கிறது. அவற்றில் இருப்பவர்கள் யாருக்கும் தாங்கள் அதில் இருப்பது தெரியாது. அதுதான் இந்த வேலையின் அழகு என்று ஒரு பள்ளிக்கூட விழாவில் பேசிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

அன்று புரட்டியபோது கிடைத்தது, 'வெட்டுப் புருவம், சீருடை, ஏர்போர்ட் அடையாள அட்டை.' காலை எட்டேகால் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஏர்போர்ட்டுக்குப் பக்கத்து நிறுத்தமான சிட்ராவில் இறங்கும் பெண். இடது புருவத்தின் நடுவே ஒரு வெட்டுத் தழும்பு, அந்த இடத்தில் மயிர் முளைக்காமல் புருவம் இரண்டாகப் பிரிந்திருக்கும். கார்ட்டூனுக்கு இதைவிட என்ன வேண்டும்? புருவத்தை நெற்றிவரை உயர்த்தினேன். உதட்டைத் தடிப்பாக்கினேன். பல்லைக் கொஞ்சம் வெளியே இழுத்தேன். முகம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு இருட்டாக்கினேன். 'காலையும் டிரேல வை!' என்று வசனம். ஐந்து ஐம்பத்தைந்துக்குப் படம் பக்கத்தில் ஏறியது. வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அந்தப் படம் நான் பத்தொன்பது வருடத்தில் போட்ட எல்லாப் படங்களையும் தாண்டிவிட்டது. டில்லியிலிருந்து ஒருவர் இந்தியில் வசனம் மாற்றிப் போட்டார். பேரணிகளில் அட்டையில் ஒட்டிப் பிடித்தார்கள். என்னை ஒருபோதும் மதித்திராத மைத்துனன் போன் செய்து "மாமா, கலக்கிட்டீங்க" என்றான். பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஒன்றை மட்டும் கவனித்தேன். பின்னால் போகும் வெள்ளைச் சட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோர் கோபமும் அவள்மேல் இருந்தது. 'இந்த மூஞ்சியப் பாத்தாலே தெரியுது', 'இதுகளுக்கெல்லாம் யூனிபாரம் குடுத்தா இப்படித்தான்' என்று கீழே எழுதியிருந்தார்கள். இதுகள் என்றால் யார் என்று ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை, நான் உட்பட.

ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு, என்னைப் பார்க்க ஒரு பெண் வந்திருப்பதாகக் கீழேயிருந்து சொன்னார்கள். பாராட்ட வந்த வாசகி என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். வரவேற்பறை சோபாவின் நுனியில், நீலச் சுடிதாரில், மடித்த பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். நிமிர்ந்து பார்த்தாள். இடது புருவம் இரண்டாகப் பிரிந்திருந்தது.

"நீங்கதானுங்களா காளி?"

"ஆமாங்க."

பேப்பரைப் பிரித்து என் பக்கம் திருப்பினாள். "இது நானுங்களா?"

"இல்லம்மா," என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது. "பொதுவா ஒரு மூஞ்சி. கார்ட்டூன்ல அப்படித்தான்."

அவள் நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டாள். பெயர் அன்புக்கரசி என்றாள். சோமனூரில் வீடு. ஒப்பந்தக் கம்பெனி மூலமாக மூன்று வருடமாக ஏர்போர்ட்டில் வேலை. அவள் தோழியின் கல்யாணத்தில் எடுத்த போட்டோ ஒன்றை யாரோ வெட்டி, கார்ட்டூனுக்குப் பக்கத்தில் ஒட்டி, 'அந்த ராட்சசி நம்ம ஊர்லதான் இருக்கிறாள்' என்று போட்டிருந்தார்கள். மூன்று நாளில் அது ஏர்போர்ட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பயணி ஒருவர் அவளை அடையாளம் கண்டு சத்தம் போட, அடங்கும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் சூப்பர்வைசர்.

"நான் அந்த ஊருக்கே போனதில்லீங்க. ஏர்போர்ட்டுல வேலைன்னுதான் பேரு, இன்னும் பிளேன்ல காலெடுத்து வெச்சதில்லீங்க. என்ற வேலை டிரே அடுக்கறதுங்க. ஒவ்வொருத்தருக்கா எடுத்துக் குடுக்கோணும், காலி டிரேயத் திருப்பிக் கொண்டாந்து அடுக்கோணும். சோதிக்கறவிய வேற, அவிய பெரிய உத்தியோகமுங்க. நான் யாரையும் தொடற வேலையே இல்லீங்க. வீல்சேர்ல வாரவிங்களுக்கு மட்டும் கை குடுப்பேன். அதுவும் 'புடிச்சுக்கட்டுங்களா'ன்னு கேட்டுப்போட்டுத்தான். செலபேருக்குத் தொட்டா ஆகாதுங்க."

கடைசி வாக்கியத்தை அவள் எந்தக் குறையும் இல்லாமல், மழை வந்தால் நனையும் என்பது போலச் சொன்னாள். அடையாள அட்டை போட்டவர்கள் எல்லாம் சோதனை போடுகிறவர்கள் என்று பஸ்ஸில் நானாக முடிவு செய்துகொண்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. அது நான் இல்லைன்னு ரெண்டு வரி போட்டுருங்க. அதக் காட்டுனா மறுக்கா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"போட்டுரலாம்மா. நான் சொல்றேன்."

எழுந்து வாசல்வரை போனவள் திரும்பினாள். "இன்னொண்ணு கேக்கட்டுங்களா? எதுக்குங்க இத்தன கறுப்பாப் போட்டீங்க? அந்தக் காலில்லாத அம்மாவ வெள்ளையாத்தான உட்டிருக்கீங்க."

"அது நெழலும்மா. வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்து வருது."

"நெழலுங்களா," என்றாள். "சரீங்க. போயிட்டு வாரேனுங்க."

மேலே வந்து படத்தை எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. டிரேக்களுக்கு நிழல் இல்லை, இயந்திரத்துக்கு நிழல் இல்லை, வெள்ளைச் சட்டைக்காரர் முதுகிலும் இல்லை. நிழல் விழுந்த ஒரே இடம் அவள் முகம். சொந்த ஊரான கிணத்துக்கடவில் எங்கள் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களை நான் சின்ன வயதில் வரைந்தபோதும் இதே கோடுதான் போட்டிருப்பேன் என்று தோன்றியது. கை தானாகப் போட்டிருக்கிறது. அது இன்னும் கேவலமாக இருந்தது.

மோகன்குமார் ஒத்துக்கொள்ளவில்லை. "அது அவ இல்லைன்னு போட்டா, அவங்கறது யாருன்னு கேப்பாங்க. இன்னைக்கி ஆயிரம் பேருக்குத் தெரியும். நாளைக்கி லட்சம் பேருக்குத் தெரியும். சும்மா உட்டுருங்க காளி. அடுத்த வாரம் வேற எதாவது வந்துரும்." சட்டச் சிக்கலுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து மனதுக்குள் அவரைக் கோழை என்று திட்டினேன். இப்போது யோசித்தால், அந்த மாதத்தில் அவளுக்கு நல்லது எதுவோ அதைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

என்னுடைய சொந்த முகநூல் பக்கத்தில் நானே எழுதியிருக்கலாம். எழுத உட்காரவும் செய்தேன். ஆனால் சென்னையில் ஓர் அமைப்பு அந்த வருடத்தின் சிறந்த கார்ட்டூனுக்கான பரிசுப் பட்டியலில் என் படத்தைச் சேர்த்திருப்பதாக அந்த வாரம்தான் தகவல் வந்தது. பஸ்ஸில் பார்த்த முகத்தைக் கேட்காமல் எடுத்துப் போட்டேன் என்று இப்போது போய் எழுதுவதா? இன்று நாளை என்று பத்து நாள் ஓடியது. அந்தப் பத்து நாளும் எட்டேகால் பஸ்ஸை விட்டுவிட்டு எட்டரைப் பஸ்ஸில் போனேன். அவள் அந்தப் பஸ்ஸில் வரப்போவதில்லை என்று தெரிந்தும் போனேன். என் மனைவி மோகனப்பிரியாவிடம் ஒருநாள் சொன்னேன். "ரெண்டு வரி எழுதறதுக்குப் பத்து நாளுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்தப் போய்விட்டாள்.

பரிசு எனக்குத்தான் என்று உறுதியான மறுநாள், என் மனசாட்சி விழித்துக்கொண்டது. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, தேதி அப்படித்தான் இருக்கிறது. அன்புக்கரசிக்குப் போன் செய்து, எழுதப் போகிறேன், கொஞ்சம் விவரம் வேண்டும் என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கேட்டதற்கெல்லாம் சொன்னாள். அம்மா காளியாத்தாள் தறிக்கூடத்தில் வேலை செய்வதையும், அவளுக்கு ஆறு வயதில், அம்மா காலடியில் விளையாடும்போது நூலைக் கொண்டு ஓடும் நாடா தறியிலிருந்து தெறித்துப் புருவத்தைக் கிழித்ததையும் சொன்னாள். நானே கேட்காதபோதும் ஏர்போர்ட்டைப் பற்றிச் சொன்னாள். "அந்த எக்ஸ்ரே டிவியில துணி, காயிதம், சோறு எல்லாம் ஆரஞ்சுக் கலராத் தெரியுமுங்க. நோட்டுப் புக்கு கட்டா வெச்சிருந்தா உள்ள என்னன்னு தெரியாது. தனியா எடுத்துப் பிரிச்சுப் பாப்பாங்க." பேச ஆள் கிடைத்த மாதிரிப் பேசினாள். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது குரலில் தெரிந்தது.

"எல்லாத்தையும் எழுதுவீங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

"தேவையானத மட்டும்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். இரண்டு வரி கேட்டவளுக்கு நான்கு பக்கம் எழுதினேன். அவள் பெயர், ஊர், தறிக்கூடம், தெறித்த நாடா, காளியாத்தாளின் உழைப்பு, டிரேக்கள், 'புடிச்சுக்கட்டுங்களா' என்று அவள் கேட்கும் கேள்வி, செலபேருக்குத் தொட்டா ஆகாது என்று அவள் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினேன். என் தவறையும் எழுதினேன், அழகாக. எழுதும்போதே இரண்டு இடத்தில் கண் கலங்கியது. அவளை எல்லோருக்கும் மனுஷியாகக் காட்டிவிட வேண்டும் என்று மனதார நினைத்தேன். அது பொய்யில்லை. போட்டு ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் விரும்பினார்கள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டாயிரம். 'மன்னிப்புக் கேட்க ஒரு மனசு வேண்டும் சார்', 'கலைஞன் என்றால் இவர்தான்' என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு நெஞ்சு லேசானது.

அதுவரை அவளுக்கு இருந்தது ஒரு முகம் மட்டும்தான். முகம் மறந்துபோகும். நான் அதற்கு ஒரு பெயரையும் ஊரையும் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். தொட்டால் யாருக்கு ஆகாது, ஏன் ஆகாது என்று யோசிக்கத் தெரிந்த ஊர் இது. அவள் எந்தச் சாதி என்பதையும் ஒரு வரியில் சொல்லிக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை அவளுடைய முகநூல் பக்கத்தைத் தேடிப் போய் எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை யாரோ அவள் நம்பரைப் பொதுவில் போட்டார்கள். பாராட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்த நான் இதையெல்லாம் புதன்கிழமைதான் பார்த்தேன். போன் செய்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

வியாழக்கிழமை சோமனூருக்குப் போனேன். தறிக்கூடத்தை ஒட்டி ஒரே வரிசையில் எட்டு வீடுகள். தறிச் சத்தத்தில் பேச்சே கேட்காது. காளியாத்தாளைக் கூப்பிட்டு விட்டார்கள். தலையெல்லாம் பஞ்சோடு வந்தார். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. பேப்பர்க்காரன் என்று சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். கிணத்துக்கடவு என்றேன். "தோட்டத்துக்காரவிங்களா?" என்றார். என் தலை ஆடியதும், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர்கள் வீட்டு ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே போட்டார். அவர் நின்றுகொண்டார். நான் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

"பாஸைத் திருப்பி வாங்கிப்போட்டாங்க சாமி," என்றார் காளியாத்தாள். "கம்பெனி பேரு சந்திக்கு வந்துபோச்சாமா. இனி எந்த ஏர்போர்ட்டுலயும் எடுக்க மாட்டாங்களாமா. அந்தப் பாஸைக் கழுத்துல மாட்டீட்டு ஊட்டை உட்டு எறங்குவா பாருங்க, நான் தறிய நிறுத்திப்போட்டு வந்து பாப்பேன்."

அன்புக்கரசி உள்ளேயிருந்து வந்தாள். முகத்தில் மாஸ்க். அதற்கு மேலே ஏதோ சரியில்லாமல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டு புருவத்தையும் மழித்திருந்தாள். தழும்பு மட்டும் ஒரு வெள்ளைக் கோடாக அங்கே இருந்தது. மழித்ததால் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். தறிச் சத்தத்தில் கேட்டதா தெரியவில்லை. அவள் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல், காதுக்குக் கேட்கிற அளவில் கேட்டாள்.

"அந்த நோட்டு கொண்டாந்திருக்கீங்களா?"

நோட்டைப் பற்றியும் எழுதித் தொலைத்திருந்தேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளே புரட்டினாள். பல் நீண்ட கண்டக்டரைத் தாண்டினாள், கடுக்கனைத் தாண்டினாள். தன் பக்கத்துக்கு வந்து நின்றாள். அதில் அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் குலுங்கியதால் கோடு அங்கங்கே நடுங்கியிருந்தது. எல்லாமாகப் பதினைந்து இருபது கோடுதான். முகத்தில் ஒரு கோடு நிழல்கூட இல்லை. நான் வரைந்த முகங்களிலேயே நல்லது என்று சொல்லலாம். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இப்புடியும் வரையத் தெரியுதுங்களே உங்களுக்கு," என்றாள்.

நோட்டை வாங்கக் கை நீட்டினேன்.

"இதக் குடுத்துருங்க."

கிழித்துக் கொடுத்தேன். அவசரத்தில் கொஞ்சம் கோணலாகக் கிழிந்து, ஒரு ஓரம் நோட்டிலேயே நின்றுவிட்டது. அவள் அதை மடிக்காமல் இரண்டு கையிலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். வாசற்படியில் நின்று திரும்பி, "இதப் பத்தி எதும் எழுதீராதீங்க," என்றாள்.

"எழுத மாட்டம்மா," என்று கத்தினேன்.

அதையும் காப்பாற்றவில்லை என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும் மாற்றியிருக்கிறேன். புருவத்தை மாற்றலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன், மாற்றினால் கதை நிற்கவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டே எழுதுகிறேன். பரிசு வாங்கவும் அப்படித்தான் போனேன்.

சென்னைக்கு விமான டிக்கெட் அவர்களே அனுப்பியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குச் சோதனை வரிசையில் நின்றேன். டிரே அடுக்கும் இடத்தில் வேறொரு பெண் இருந்தாள். சின்னப் பெண். புதிதாக வந்திருக்க வேண்டும், கழுத்து அட்டையின் நாடா இன்னும் அழுக்காகவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் ஒரு டிரேயை நீட்டினாள். எனக்கு முன்னால் வீல்சேரில் வந்த பெரியவர் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். அவள் ஓடிப்போய் அவர் கக்கத்தில் கை கொடுத்துச் சட்டென்று தூக்கினாள். எதுவும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பையை டிரேயில் வைத்தேன். விழாவில் காட்டலாம் என்று பதினொரு நோட்டையும் அதில் அடுக்கி எடுத்து வந்திருந்தேன். நான் அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தபோது என் பை மட்டும் வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் கையைக் காட்டினார். பையைத் தனியாக எடுத்துப் போனார்கள். அதிகாரி வடநாட்டுக்காரர், தமிழ் தெரியவில்லை. நோட்டுகளை வெளியே எடுத்து அடுக்கி, மேலே இருந்ததைப் பிரித்தார். சந்தேகப்படுகிற மாதிரி இல்லை, வேலையைச் சரியாகச் செய்கிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொரு முகத்திலும் கொஞ்ச நேரம் நின்றார். கண்டக்டரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கடுக்கன்காரரைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனவரின் விரல் நின்றது. கோணலாகக் கிழிந்து நின்ற அந்த ஓரத்தில், கிழிபடாமல் தங்கிப்போன என் எழுத்தில் 'வெட்டு' என்று மட்டும் இருந்தது. அவர் அந்த ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். மறுபடி அந்த இடத்தைத் தட்டி, இதில் யார் என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

எனக்குப் பின்னால் காலி டிரேக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து ஒன்றின்மேல் ஒன்று முட்டி நின்றுகொண்டிருந்தன.